சிவப்புத் தொட்டியில் விழுந்த வெயில்

வெளிநாடு போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுவார்கள். நான் போனது சென்னைக்குப் பக்கத்தில் கம்பெனிகள் முளைத்த ஒரகடத்துக்கு. அங்கேயும் கடைப் பலகையில் கொரியா எழுத்து இருந்தது. டீக்கடையில் ஒடியா பேசினார்கள். உள்ளே நுழைய அனுமதிச் சீட்டு கேட்டார்கள். எங்கள் சாமானையே திருப்பி எடுத்துவர விடவில்லை. இதைவிட ஒரு வெளிநாடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் மகள் கயல் ஏழாம் வகுப்பு, மகன் முத்து நாலாம் வகுப்பு. "அங்க போயி என்னப்பா செஞ்ச?" என்று இரண்டு பேரும் விடாமல் கேட்கிறார்கள். பதில் சொன்னால் "ஏன்?" என்கிறார்கள். அந்த 'ஏன்' என்பதற்குப் பதில் சொன்னால் அதற்கும் ஒரு 'ஏன்' வருகிறது. முன்பெல்லாம் இரண்டாவது தடவையே "போய்ப் படி" என்று விரட்டிவிடுவேன். இப்போது விரட்டுவதில்லை. ஒரகடத்தில் பெரிய பெரிய அதிகாரிகள் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஏசி அறையில் உட்கார்ந்து, ஐந்து தடவை ஏன் கேட்பதைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர்கள் பிள்ளைகளாக இருந்திருந்தால் நான் விரட்டியிருப்பேன்.

நான் சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறை ஆய்வக உதவியாளன். பத்தாவது வரை படித்தவன். எங்கள் துறையில் மலர் என்கிற ஆராய்ச்சி மாணவி எறும்புகளைப் பற்றிப் படிக்கிறார். எறும்பை மட்டும் அல்ல, எறும்பு இருக்கிற இடத்தின் சூட்டையும்.

டிவியில் வானிலை சொல்கிறார்கள் அல்லவா? அது ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே வெயில். எறும்பு ஊர் முழுக்கவா குடியிருக்கிறது? ஓர் இலைக்கு அடியில் இருக்கிறது. அந்த இலைக்கு அடியில் என்ன சூடு, பக்கத்துத் தார்ச்சாலையில் என்ன சூடு, நடுவில் உள்ள புல்லில் என்ன சூடு என்று தனித்தனியாக அளப்பதற்கு நுண்காலநிலை என்று பெயர். எறும்பு உயரத்து வானிலை என்று நான் சொல்லிக்கொள்வேன்.

அளக்கிற கருவி தீப்பெட்டி அளவுதான். அடியில் எண் காட்டும் சின்னக் கண்ணாடி. குறித்த நேரத்துக்கு ஒரு தடவை சூட்டை அளந்து தனக்குள்ளேயே பதிந்துகொள்ளும். அதன்மேல் நேர் வெயில் பட்டால் தன் சூட்டையே அளந்துவிட்டு அதுதான் ஊர்ச்சூடு என்று சாதிக்கும். சில மனிதர்களும் அப்படித்தான். அதனால் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து, காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்கிய தொப்பி ஒன்று அதற்கு உண்டு. அந்தத் தட்டுகளைத் துளைபோட்டுக் கோத்தவன் நான்.

கோடை தொடங்கும்போது மலர் மூன்று கருவிகளை ஒரகடம் பக்கம் வைத்துவிட்டு வந்தார். ஒன்று பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வயல் ஓரம். மற்ற இரண்டும் வடக்குப்பட்டில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி வாசலில். அங்கே சாலைக்கு ஒரு பக்கம் வரிசையாகப் புங்கமரங்கள், எதிர்ப்பக்கம் கம்பெனி கட்டிய தகரக் கொட்டகை. மரத்தில் ஒரு கருவி, கொட்டகையில் ஒரு கருவி. முன்பு வயல், இப்போது கம்பெனி, நடுவே எறும்பு என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக.

கத்திரி வெயில் சமயம் மலருக்கு ஒரு போன் வந்தது. பேசியது செல்வி. கருவியைக் கட்டிய அன்று மலரிடம் நம்பர் வாங்கி வைத்திருந்த கோவில்பட்டிக்காரப் பெண். அந்தக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. "மேடம், இந்த மரத்தையெல்லாம் வெட்டப் போறாகளாம். வெள்ளிக்கிழமை கூட்டம். முதல் ஷிப்ட் முடிஞ்சி பஸ் வர்ற வரைக்கும் நாங்க அதுக்கு அடியிலதான் நிக்கோம். போன மாசம் ஒரு பிள்ள தகரக் கொட்டகையில நின்னு மயங்கி விழுந்திருச்சி. சூடுன்னு சொன்னா, 'சும்மா சூடு சூடுன்னு சொல்லாதீங்க, டேட்டா கொண்டாங்க'ங்கிறாரு மேனேஜர். உங்க டப்பாவுக்குள்ள டேட்டா இருக்கும்லா? தருவீகளா?"

"அது எல்லாருக்கும் பொதுதான். கேட்டா குடுக்கத்தான் அளக்குறோம்" என்றார் மலர்.

சொன்ன மறுநாளே கல்லூரிப் படிக்கட்டில் தடுக்கி விழுந்து அவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. என் கையில் ஒரு பழைய லேப்டாப்பையும் ஒரு வயரையும் கொடுத்து, "வயரைச் சொருகுங்கண்ணே, பச்சை லைட் வந்ததும் இந்தப் பட்டனை அமுக்குங்க, மிச்சத்தை நான் போன்ல சொல்றேன். வெள்ளிக்கிழமைக்குள்ள செல்விகிட்ட குடுத்துருங்க" என்று என்னை அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தேன். எங்கள் தெருப் பையன்கள் சிலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறையில் தங்கினேன். பகல் ஷிப்ட் பையன் எழுந்து போனதும் அதே பாயில் இரவு ஷிப்ட் பையன் வந்து படுக்கிறான். அந்தப் பாய் ஆறவே ஆறாது. மலரின் கருவியை அந்தப் பாயில் வைத்திருந்தால் எந்த எறும்பும் வராது என்று உறுதியாகச் சொல்லியிருக்கும்.

காலைச் சாப்பாட்டுக்கு இட்லியோடு வடகறி வைத்தார்கள். வடையையே பிய்த்துக் குழம்பாக்கி இட்லிக்கு ஊற்றுகிறார்கள். எங்கள் ஊரில் மிஞ்சிய வடையை வைத்து அடுத்த நாள் யாருக்கும் தெரியாமல் செய்கிற காரியத்தை இங்கே பலகையில் பெயர் எழுதி விற்கிறார்கள். ஆனால் ருசி. நான் கொண்டுபோன சாத்தூர்க் காராச்சேவைக் கடைக்காரருக்குக் கொஞ்சம் கொடுத்தேன். ஒரு வாய் போட்டவர் தண்ணீரைத் தேடிக்கொண்டே, "இன்னா சார் இது, திங்கறதா, வெடிக்கறதா?" என்றார்.

புதன்கிழமை காலை ஒரகடம் கூட்ரோட்டில் நின்றேன். வருவதெல்லாம் ஒரே மாதிரி வெள்ளைப் பஸ். ஒன்றில் ஏறி, "பிள்ளைப்பாக்கம் பக்கம் போகுமா?" என்று கேட்டேன். உள்ளே இருந்த ஒருவர் ஆமாம் என்பது போலத் தலையாட்டினார். பிறகுதான் தெரிந்தது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பஸ் குலுங்கியதில் தலை ஆடியிருக்கிறது.

பஸ் ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்து நின்றது. இறங்குகிறவர்களை விசில் வைத்திருந்த ஒரு சூப்பர்வைசர் தொட்டுத் தொட்டு எண்ணினார். என்னையும் தொட்டு எண்ணிவிட்டார். கையில் ஒரு தொப்பியும் காதில் வைக்கப் பஞ்சும் கொடுத்தார்.

"ஐயா, நான் வேலைக்கு வரலைங்க. எறும்புக் கருவி எடுக்க வந்தேன்."

"எந்தக் காண்ட்ராக்டர் ஆளு நீ?"

"மலர் மேடம் அனுப்பினாங்க."

"மலரா? புது காண்ட்ராக்ட்டா கீதே. சரி சரி, இன்னிக்கு ஆள் கம்மி. கேன்டீன்ல பொங்கல் துன்னுட்டு மூணாவது லைனுக்கு வந்துரு பெர்சு."

பொங்கல் நன்றாகவே இருந்தது. ஆனால் வெளியே வர அரைப்பொழுது ஆனது. என்னை எண்ணியாகிவிட்டதாம். நான் போனால் கணக்கு இடிக்குமாம். கடைசியில் வேறு யாரோ தாமதமாக வந்து சேர, அவரை நானாக வைத்துக்கொண்டு என்னை விட்டார்கள்.

பிள்ளைப்பாக்கத்தில் வயல் ஓரம் மலர் ஒரு வெள்ளை இரும்புக் குழாய் நட்டு, அதில் சிவப்பு மையால் ஒன்று என்று எண் போட்டு, கருவியைக் கட்டியிருந்தார். போய்ப் பார்த்தால் குழாயைச் சுற்றி முள்வேலி. வேலிக்குள் தண்ணீர் தெளித்துக் கோலம். குழாய்க்குச் சந்தனம், குங்குமம். வயலுக்குச் சொந்தக்காரர் முனுசாமி ஓடி வந்தார்.

"வந்துட்டீங்களா சார்! எம்மா நாளா பாத்துகினு கீறேன். இன்னா கம்பெனி சார் வருது? காரா, செல்போனா?"

"எறும்புங்க" என்றேன்.

"எறும்பா? பேரு புதுசா கீதே. கொரியாவா, ஜப்பானா?"

பிள்ளைகளே, அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பக்கத்தில் வயலில் எண் போட்டு ஒரு குழாய் முளைத்தால், பின்னாலேயே அளக்கிறவர் வருவார், அதற்குப் பின்னால் புரோக்கர் வருவார், அதற்குப் பின்னால் மதில் வரும். இதுவரை எறும்புக்காக யாரும் அங்கே குழாய் நட்டதில்லை. முனுசாமி தினமும் இரண்டு வேளை குழாயைச் சுற்றித் தண்ணீர் தெளித்திருக்கிறார். குழாய் வாடிவிடக் கூடாது என்றுதான்.

வயரைச் சொருகினேன். பச்சை விளக்கு வந்தது. பட்டனை அமுக்கினேன். தகவல் மலருக்குப் போனது. சற்று நேரத்தில் போன் வந்தது.

"அண்ணே, ஒன்னாம் நம்பர் கட்டாந்தரையில வச்சது. இது நாத்தங்கால்ல வச்ச மாதிரி குளுகுளுன்னு காட்டுதே. அதுவும் பாதி நாள் அங்க, பாதி நாள் வேற எங்கேயோ நிழல்ல இருந்த மாதிரி இருக்கு!"

முனுசாமியிடம் கேட்டேன். அவர் முகம் சிவந்தது.

"அது வந்து சார், பக்கத்து நிலத்துக்காரன் பேஜார் புடிச்சவன். ராவோட ராவா புடுங்கினு போயி அவன் மாமரத்தாண்ட நட்டுப்பான். கம்பெனி அவன் நெலத்துக்கு வரணுமாம். நான் போயி திரும்ப புடுங்கினு வருவேன். வாரத்துக்கு ரெண்டு வாட்டி இதே ரோதனை."

மலரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தால் சிரித்தார். "பரவாயில்லண்ணே. தண்ணி தெளிச்சது, குழாய் நடந்து போனது, எல்லாத்தையும் அப்படியே எழுதிப் பக்கத்துல வைப்போம். எண்ணை மட்டும் குடுத்தா போதாது. அந்த எண் வந்த கதையையும் சேத்துக் குடுக்கணும். அப்பத்தான் உலகத்துல எவன் எடுத்துப் பாத்தாலும் ஏமாற மாட்டான்."

கருவியைக் கழற்றினேன். குழாயில் கை வைத்ததும் முனுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், குழாயப் புடுங்கினா கம்பெனி வரலன்னு ஊரே பேசும் சார். அது இருந்துட்டுப் போவட்டும்." கல்லூரிக் கணக்கில் குழாய் இல்லை. விட்டுவிட்டு வந்தேன். நான் வரப்பைத் தாண்டுவதற்குள் அவர் போனில் யாரிடமோ, "ஆமாப்பா, சர்வே முடிஞ்சிது. ஆபீசர் வந்து லேப்டாப்புல ஏத்திகினு போயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை வடக்குப்பட்டு. கம்பெனி கேட்டுக்கு எதிரே செல்வி காத்திருந்தாள். முதல் ஷிப்ட் அப்போதுதான் முடிந்திருந்தது. நீலச் சீருடையில் ஐம்பது அறுபது பெண்கள் புங்கமரங்களுக்கு அடியில் நெருக்கி நின்றார்கள். அதே நிழலில் அவர்களைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு அதிகாரிகளின் கார்கள் நின்றன. எதிர்ப்பக்கம் தகரக் கொட்டகையில் ஓர் ஆள் இல்லை. பின்னால் மதில், மேலே தகரம், கீழே சிமென்ட். ஒரு நாய்கூட இல்லை. நாய்கள் எல்லாம் கார்களுக்கு அடியில் இருந்தன.

"பாத்தீகளா அண்ணாச்சி? கொட்டகை கட்டிக் குடுத்தும் நிக்க மாட்டேங்காகளாம். எங்களுக்கு டிசிப்ளின் இல்லியாம்" என்றாள் செல்வி. காண்ட்ராக்ட் பெண்கள் பக்கம் பாதுகாப்புக் கமிட்டியில் பேச அவள் ஒருத்திக்குத்தான் இடம்.

"மரத்தை எதுக்கு வெட்டணுமாம்?"

செல்வி மேனேஜருடைய காரைக் காட்டினாள். வெள்ளைக் கார். மேலெல்லாம் காக்காயும் மைனாவும் கோலம் போட்டிருந்தன. "இதுக்குத்தான். மரத்தை வெட்டிட்டு, அந்த இடத்துல காருக்குப் பெரிசா தகர ஷெட்டாம். தகரமெல்லாம் வந்து இறங்கியாச்சி. பஸ் வர்ற வரைக்கும் நாங்க அந்தக் கொட்டகையில நிக்கணுமாம். அண்ணாச்சி, எங்களுக்குச் சம்பளம் கூட்டச் சொல்லல, ஏசி கேக்கல. இந்த மரம் நின்னாப் போதும்."

மரத்துக் கருவியை எடுக்கக் கை வைத்தேன். அவ்வளவுதான். மேல் தட்டோடு இலைகளை ஒட்டி முசுறு எறும்புகள் கூடு கட்டியிருந்தன. கை, கழுத்து, காது என்று ஓர் இடம் விடவில்லை. நான் குதித்த குதியில் பெண்கள் பஸ் வரவில்லை என்கிற கவலையை மறந்தார்கள். போனில் மலரிடம் சொன்னால் என் காதைப் பற்றிக் கேட்கவில்லை. "அவங்களே வந்து குடியேறிட்டாங்களாண்ணே?" என்று அத்தனை சந்தோஷம்.

கருவி நல்லபடியாக வேலை செய்திருந்தது. பச்சை விளக்கும் வந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு ஒடிசாப் பையன்கள் லேப்டாப்பில் ஓடிய கோட்டைப் பார்த்துத் தங்களுக்குள் பேசினார்கள். ஒடியா தெரிந்த பக்கத்து டீக்கடைக்காரர் மொழிபெயர்த்தார். ஒருவன், "நம் ஊரில் இதைவிட வெயில் அதிகம்" என்றானாம். மற்றவன், "ஊரில் உன்னை யார் பஸ்ஸுக்கு நிற்க வைத்தார்கள்?" என்றானாம்.

சாலையைத் தாண்டிக் கொட்டகைக்குப் போனேன். கொக்கி இருந்தது. கருவி இல்லை.

மரத்தடி குளிர்ச்சி என்று மட்டும் காட்டி என்ன பயன்? தகரத்தடி எப்படி என்று பக்கத்தில் வைத்தால்தானே டேட்டா? கூட்டம் மறுநாள் காலை. கேட்டில் இருந்த செக்யூரிட்டியைக் கேட்டேன். "அத்த குவாலிட்டி டிபார்ட்மென்ட் தினேஷு எடுத்துகினு போனாரே, ஒரு மாசம் ஆவுது" என்று சாதாரணமாகச் சொன்னார்.

தினேஷ் வெளியே வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். காஞ்சிபுரம் பக்கத்துப் பையன். சட்டைப் பையில் நாலு கலரில் பேனா.

"ஆமாண்ணா, நான்தான் எடுத்தேன். டெய்லி அந்தப் பக்கமாதானே போறேன்? ஒரு நாள் குனிஞ்சி பாத்தா ரீடிங் எகிறிகினு கீது. ஜொரம் வந்தவன் ஒடம்பக்கூட தாண்டிப் போயிட்சி. எங்க ரூல் இன்னா? கம்பெனி எடத்துல அளக்கிற சாமான் ஒன்னு ஸ்பெக்ல போட்ட அளவத் தாண்டி ரீடிங் காட்டினா அத்த அப்படியே வுடக்கூடாது. சிவப்பு டேக் போட்டு, சிவப்புத் தொட்டில போட்டுப் பூட்டணும். போட்டேன்."

சிவப்புத் தொட்டி என்பது அந்தக் கம்பெனிகளில் கோணலாகப் போன உருப்படிகளைப் போடுகிற தொட்டி. அளவு தப்பிய போல்ட்டு, ஓட்டை விழுந்த குழாய், எல்லாம் அதற்குள். எங்கள் வெயிலும் அளவு தப்பியதால் அதற்குள் போய்விட்டது.

"தம்பி, அது கெட்டுப்போன கருவி இல்லப்பா. வெளிய அவ்வளவு சூடு!"

"வெளிய எவ்ளோ சூடுன்னு எனக்கு எப்டிண்ணா தெரியும்? கருவிய வச்சிதானே பாக்கணும்? அந்தக் கருவிதான் ரிஜெக்ட்டாச்சே!" என்றார் தினேஷ். மனிதர் சத்தியமாக நம்பித்தான் சொன்னார்.

"சரி, எடுத்துக் குடுங்க."

செக்யூரிட்டி குறுக்கே வந்தார். வெளியே போகிற சாமானுக்கு கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸ் போட, அது உள்ளே வந்ததற்குப் பதிவு வேண்டும். தினேஷ் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனதால் பதிவு இல்லை. "உள்ளயே வராத சாமான வெளிய எப்டிபா வுடறது?" என்று என்னையே கேட்டார்.

தினேஷும் தலையைச் சொறிந்தார். "அதுவும் இல்லாம, சிவப்புத் தொட்டில வுழுந்தது எதுவும் ஒய்-ஒய் முடிக்காம நகரக் கூடாதுண்ணா." ஒய்-ஒய் என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு தப்பு நடந்தால் பலகையில் எழுதி ஐந்து தடவை ஏன், ஏன் என்று கேட்க வேண்டுமாம். ஐந்தாவது ஏனில் தப்பின் வேர் அகப்பட்டுவிடுமாம். "அதுக்கு மேனேஜர் இருக்கணும். எல்லா டிபார்ட்மென்ட்டும் இருக்கணும். அடுத்த வாரம் வெளிநாட்டு கஸ்டமர் ஆடிட் வேற. அதுக்குள்ள எல்லா சிவப்பு டேக்கையும் பதில் எழுதி மூடணும்னு மேனேஜர் கத்திகினு கீறாரு."

"நாளைக்குக் காலையில மேனேஜரும் இருக்காரு, எல்லா டிபார்ட்மென்ட்டும் இருக்கு" என்றாள் செல்வி. "எங்க கமிட்டிக் கூட்டத்துலயே இதையும் வைங்களேன், தினேசு."

தினேஷ் யோசித்தார். "வெக்கலாம். ஆனா ரிஜெக்ட்டான சாமானோட சப்ளையர் நேர்ல வந்து பதில் சொல்லணும். அதுவும் ரூல்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இப்படியாக வெள்ளிக்கிழமை காலை நான் 'சப்ளையர்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்தக் கம்பெனிக்குள் நுழைந்தேன். போன் கேமராவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள், லேப்டாப் கேமராவில் ஒரு ஸ்டிக்கர். என் இரண்டு கண்களையும் மட்டும் திறந்தபடி விட்டார்கள். கூட்ட அறை அப்படியொரு குளிர். வெயிலைப் பற்றிப் பேச அங்கே கூடிய எல்லோரும் கோட்டும் ஸ்வெட்டரும் போட்டிருந்தார்கள். செல்வி துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எனக்குப் பல் தந்தியடித்தது.

மேனேஜர் வேகமான மனிதர். "மொதல்ல ரெட் டேக்கை முடிங்க. சப்ளையர் யாரு?"

கையைத் தூக்கினேன்.

"உங்க பார்ட் என்ன?"

"வெயிலுங்க சார்."

தினேஷ் அவசரமாக எழுந்து பலகைக்குப் போனார். முதல் ஏன்: கருவி ஏன் ரிஜெக்ட் ஆனது? ரீடிங் அளவுக்கு மேல் போனதால். "இன்ஸ்ட்ருமென்ட் ஃபால்ட். அவ்ளோதான். மூடு" என்றார் மேனேஜர்.

"அப்டிதான் சார் நானும் நெனச்சேன்" என்றார் தினேஷ். "ஆனா சிவப்புத் தொட்டி இருக்கிறது நம்ம ஏசி லேப்ல. ஒரு மாசமா அது உள்ளாரயே இருந்துது. இன்னிக்குக் காலைல இவரு லேப்டாப்புல போட்டுப் பாத்தோம். ஒரு மாசமும் நம்ம மாஸ்டர் தெர்மாமீட்டர் இன்னா காட்டிச்சோ, அத்தையேதான் இதுவும் காட்டிகினு கீது. கருவி ஓகே சார்."

"அப்ப ஏன் ரீடிங் அவ்ளோ மேல போச்சு?" என்றார் மேனேஜர். இரண்டாவது ஏனை அவரே கேட்டுவிட்டார்.

"இடம் சூடு சார்." எழுதினார். மூன்றாவது: இடம் ஏன் சூடு? "தகரம் சார். பின்னாடி மதிலு. காத்து உள்ள வராது."

ஆள் நிர்வாகம் பார்க்கும் அதிகாரி குறுக்கிட்டார். "அந்த ஷெல்டர்ல ஒருத்தரும் நிக்கிறதே இல்லையே சார். சொன்னாலும் கேக்கறதில்லை."

செல்வி எழுந்தாள். "சூடுன்னுதான் சார் நிக்கல. வெந்துக்கிட்டே நின்னாத்தான் டிசிப்ளினா சார்?"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். நான் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். இரண்டு கோடுகள். தகரத்தடிக் கோடு மத்தியானம் ஆனதும் எங்கள் ஊர்க் கரட்டுக் குன்று மாதிரி எழும்பியது. சிவப்புத் தொட்டிக்குள் போனதும் சப்பென்று விழுந்துவிட்டது. மரத்தடிக் கோடு வேலையற்ற நாய் மாதிரி நாள் முழுக்கப் படுத்தே கிடந்தது.

"இது ஏன் படுத்திருக்கு?" என்று மேனேஜர் கேட்க, "மரம் சார்" என்று தினேஷ் நாலாவது ஏனை முடித்தார். பிறகு ஐந்தாவதை எழுதினார்: அப்போது ஏன் மரத்தை வெட்டுகிறோம்?

எழுதிவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி திரும்பி நின்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் மேசையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "எச்சம்" என்றார்.

பதில் என்று ஒன்று வந்துவிட்டால் எழுதாமல் இருக்கத் தினேஷுக்குத் தெரியாது. 'வேர்க் காரணம்' என்று இருந்த கட்டத்துக்குள், நல்ல கொட்டை எழுத்தில் எழுதினார்: காக்காய் எச்சம்.

"அதை அழி" என்றார் மேனேஜர்.

"அழிக்கக் கூடாதே சார். நீங்கதான் டிரெய்னிங்ல சொன்னீங்க. வேர்க் காரணத்த அழிக்கக் கூடாது, வேல பாத்துதான் மூடணும்னு. அடுத்த வாரம் ஆடிட்ல இந்தப் பலகைய அவங்க அப்படியே படிப்பாங்க சார்."

மேனேஜர் பலகையைப் பார்த்தார். கடல் தாண்டி வருகிற வாடிக்கையாளர் அதை யாரிடமாவது மொழிபெயர்த்துக் கேட்பதை அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். முகம் அப்படி இருந்தது.

செல்விதான் வழி சொன்னாள். "எச்சம் விழுறது காருக்குத்தான சார் கஷ்டம்? எங்களுக்கு இல்லியே. வாங்கின தகரத்தை அந்தக் கொட்டகையோட சேத்து நீட்டி, காரையெல்லாம் அங்க விட்டுக்கிடுங்க. நாங்க மரத்தடியில நின்னுக்கிடுதோம்."

"ஆக்‌ஷன் வந்துட்சி சார்!" என்று தினேஷ் எழுதத் தொடங்கிவிட்டார். தகரமும் வீணாகாது, எச்சமும் விழாது, சிவப்பு டேக்கும் மூடிவிடும். மேனேஜர் சரி என்றார். செல்வி உட்கார்ந்தாள்.

கிளம்பும்போது மேனேஜர் என்னை நிறுத்தினார். "இந்த டேட்டா எங்கயும் வெளிய போகாதே?"

"போகுங்க சார். உலகத்துல இந்த மாதிரி அளக்கிறவங்க எல்லாரும் ஒரு பொது இடத்துல போட்டு வைப்பாங்களாம். யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாமாம்."

"எங்க காம்பவுண்டு சூடு எங்க டேட்டா இல்லையா?"

அப்படியானால் சூட்டையும் காம்பவுண்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. சப்ளையர் அட்டை கழுத்தில் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன். கம்பெனி பெயர் வராது, சாலையோரத் தகரக் கொட்டகை என்றுதான் வரும், ஆனால் கருவி ஒரு மாதம் எங்கே இருந்தது என்கிற கதையையும் சேர்த்து எழுதுவோம் என்றேன். "தொட்டின்னு போடுங்க. கலர் வேண்டாம்" என்றார் மேனேஜர்.

கருவிக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார் தினேஷ். உள்ளே வந்த பதிவு, வெளியே போகிற பதிவு இரண்டையும் ஒரே நிமிடத்தில் போட்டார்கள். மலர் அந்த ஸ்டிக்கரைக் கிழிக்காமல் வைத்திருக்கிறார். தொட்டியின் கலரைத் தவிர மற்றதையெல்லாம் எழுதியும் விட்டார்.

நேற்றுச் செல்வி போன் செய்தாள். கயலும் முத்துவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணாச்சி, கார் ஷெட்டு கட்டியாச்சி. மரமெல்லாம் அப்படியே நிக்கி. ஆனா ஒரு சங்கடம். தகரத்துக்கு அடியில காரு அடுப்பாக் கொதிக்கில்லா? எங்க ஷிப்ட் முடியுற நேரம் கிளம்பினா உள்ள உக்கார முடியல. அதனால மேனேஜரு காரை ஸ்டார்ட் பண்ணி ஏசியப் போட்டுட்டு, அது குளிர்ற வரைக்கும் ரோட்டைத் தாண்டி வந்து எங்ககூட மரத்தடியில நிக்காரு."

"நெசமாவா?"

"நெசமா அண்ணாச்சி. நேத்து வெள்ளைச் சட்டை தோள்ல பொத்துன்னு விழுந்திருச்சி. அண்ணாந்து காக்காயப் பாத்தாரு. எங்களப் பாத்தாரு. கைக்குட்டையால தொடச்சிட்டு அதே எடத்துலயே நின்னாரு."

"ஏன்?" என்றான் முத்து.